மிளகு விளையும் இடம்
போலந்து நாட்டு மரபுத்தொடர்கள்

பிறநாடு காணச் செல்வோர் கோட்டைகளையும் கோபுரங்களையும் அரும்பொருட் சாலைகளையும் பார்த்து மீள்வது வழக்கம். அவை பார்க்கவேண்டியவையே. ஆயினும், அந்நாட்டு மக்கள் அடுக்களையிலும் அங்காடியிலும் ஒருவரோடொருவர் உரையாடுகையில் அவர்தம் வாயில் இயல்பாக வந்து விழும் மரபுத்தொடர்களைச் செவிமடுப்போர்க்கு, கற்கட்டடங்கள் சொல்லாத செய்திகள் சில கிடைக்கும். அண்மையில் ஒரு வைகாசி மாதத்தில், போலந்து நாட்டில் மூன்று வாரம் தங்கும் வாய்ப்பு எமக்கு வாய்த்தது. எம் சகோதரியின் மகன் வார்சோ நகரில் நான்காண்டுகளாகப் பொறியியல் பயில்கின்றான். அவனே எமக்கு மொழிபெயர்ப்பாளனாகவும் வழித்துணையாகவும் அமைந்தான். கண்ட காட்சிகளிலும் கேட்ட பேச்சே எமக்கு மிகுதியாக நினைவில் நிற்கின்றதாதலின், அதுபற்றியே ஈண்டு எழுதுவோம்.

ஞகரம் வாழும் மொழி

போலிஷ் மொழி சிலாவிய மொழிக்குடும்பத்தைச் சார்ந்தது. ஏறக்குறைய நான்கு கோடி மக்கள் அதனைத் தாய்மொழியாகப் பேசுகின்றனர். உயிரெழுத்தின் துணையின்றி மெய்யெழுத்துகள் மூன்றும் நான்கும் அடுத்தடுத்து வருவதால், அச்சில் அதனைப் பார்ப்போர் முதலில் மருள்வர். ஆனால் தமிழர்க்கு அம்மொழியில் இரண்டு வசதிகள் உள. ஒன்று, ஐரோப்பியர் பலர் ஒலிக்க இடர்ப்படும் அவர்தம் மெல்லின ஒலியொன்று எமது ஞகரமேயாகும். ‘இல்லை’ என்பதற்கு அவர்கள் ‘ஞே’ என்கின்றனர். ஆங்கிலேயர் அதனை இரண்டு அசையாக இழுக்க, யாழ்ப்பாணத்துப் பிள்ளையோ ‘ஞாயிறு’ என்று சொல்லும் நாவினால் எளிதிற் சொல்லிவிடுகின்றான். மற்றொன்று, அம்மொழியில் வேற்றுமைகள் ஏழு. அவற்றுள் விளிவேற்றுமையும் ஒன்று. எட்டு வேற்றுமை கற்றுத் தேறிய தமிழ் மாணவனுக்கு ஏழு வேற்றுமை பெரும் பாரமாகாது.

இலக்கணம் இவ்வாறு இணங்கி வந்தபோதும், மரபுத்தொடர் வந்தவிடத்து அகராதி கைவிட்டுவிடுகின்றது. சொற்கள் அனைத்தும் தெரிந்தவையாயிருக்கும். பொருள் மட்டும் தெரியாது. எம் மருமகன் இதற்கெனவே ஒரு கொப்பி வைத்திருக்கின்றான். இடப்பக்கத்தில் போலிஷ் தொடர். வலப்பக்கத்தில் அதற்கு நேரான தமிழ்த்தொடர். வலப்பக்கத்தில் ஆங்காங்கே வெற்றிடங்கள் இருந்தன. அவற்றை நிரப்பும் பணி எம் தலைமேல் விழுந்தது.

அடுக்களையிற் பிறந்த தொடர்கள்

வார்சோவில் ‘பால் உணவகம்’ என்ற பெயரில் எளிய உணவுச்சாலைகள் பல உள. அரசாங்க உதவியுடன் மலிந்த விலையில் மாவுணவும் பாலுணவும் அங்கே கிடைக்கும். சைவ உணவினராகிய எமக்கு அவ்விடம் பெரிதும் உதவிற்று. உருளைக்கிழங்கும் பாற்கட்டியும் பொதிந்த கொழுக்கட்டை போன்ற ‘பியெரோகி’யை உண்டவாறு, மருமகனின் கொப்பியைப் புரட்டினோம்.

ஒரு செயல் மிக எளிதென்பதற்கு ‘வெண்ணெய் பூசிய பணிஸ்’ என்கின்றனர். நாம் ‘தண்ணீர் பட்ட பாடு’ என்போம். சொல்லைக் கேளாதவனுக்குப் புத்தி புகட்டுவதைச் ‘சுவரிற் பட்டாணி எறிதல்’ என்கின்றனர். எம்மவர்க்கு அது ‘செவிடன் காதில் ஊதிய சங்கு’. காலங்கடந்து வந்த உதவி ‘சாப்பாட்டின் பின் வந்த கடுகுக் குழம்பு’. இறைச்சியோடு தொட்டுண்ணும் கடுகு, உண்டு முடித்தபின் வந்தால் யாருக்குப் பயன்? கைப்பொருளை வெளியே எடுக்க மனமில்லாதவனைச் ‘சட்டைப்பையிற் பாம்பு வைத்திருப்பவன்’ என்கின்றனர். கையை விட்டால் பாம்பு கடித்துவிடுமாம்! எம் பாட்டிமார் ‘எச்சிற் கையாற் காகம் துரத்தாதவன்’ என்பர். சிறியதைப் பெரிதாக்கிப் பேசுவோன் ‘ஊசியை வைக்கோல் வாரும் கவைக்கோலாக்குகின்றான்’. ஈரைப் பேனாக்கிப் பேனைப் பெருமாளாக்கும் எம்மூரவர் அவனுக்கு உறவினரே. ஒளிவு மறைவின்றிப் பேசுவது ‘கோப்பியை வாங்கின்மேல் வைத்தல்’ எனப்படும்.

இவ்வாறு ஒன்றுக்கொன்று நேர் நிற்கும் தொடர்களைக் கண்டு மகிழும் மாணவன் விழிப்பாயிருக்க வேண்டிய இடமும் உண்டு. உலர்ந்த பழங்களையோ பச்சைப் பழங்களையோ நீரில் வேகவைத்துச் சர்க்கரை சேர்த்து அவர்கள் அருந்தும் பானம் ‘கொம்போத்’. ‘பிளம் பழம் கொம்போத்தில் விழுந்தாற்போல்’ என்று ஒரு தொடர் உண்டு. இதனைக் கேட்ட தமிழன் உடனே ‘பழம் நழுவிப் பாலில் விழுந்தாற்போல்’ என்பதை நினைந்து, யாருக்கோ நல்லூழ் வாய்த்ததென்று கருதி முகமலர்வான். அவர்கள் கருதுவதோ, எதிர்பாராமற் பெருஞ் சிக்கலில் அகப்பட்டுக்கொண்டான் என்பதே! இரண்டும் பழமே, இரண்டும் இனிய நீரில் விழுவனவே. நாம் உண்பவன் பக்கம் நின்று பார்த்தோம். அவர்கள் பழத்தின் பக்கம் நின்று பார்த்தார்கள். உவமை ஒன்றாயிருப்பதனால் மட்டும் பொருள் ஒன்றென்று துணியலாகாது என்பதற்கு இதனினும் சிறந்த பாடம் வேறொன்றில்லை.

யாரிடம் எதனைச் சொல்வது?

பொருள் அறிவது ஒரு படி. அறிந்ததை இடமறிந்து வழங்குவது மறு படி. போலந்து மக்கள் அறிமுகமில்லாதவரையும் முதியோரையும் ‘நீ’ என்று விளிப்பதில்லை. ஆடவரைப் ‘பான்’ என்றும் பெண்டிரைப் ‘பானி’ என்றும் படர்க்கையில் வைத்தே பேசுகின்றனர். ‘ஐயா தேநீர் அருந்துவாரா?’ என்று ஐயாவையே நோக்கிக் கேட்பது அவர்தம் மரபு. ‘நீ’, ‘நீர்’, ‘நீங்கள்’ என்று மூன்று படி வைத்துப் பேசும் யாழ்ப்பாணத்தவருக்கு இந்த நுட்பம் எளிதில் விளங்கும். மரபுத்தொடர்களும் இவ்வாறே படிநிலை உடையவை. நண்பர்களுக்குள் நகையாகும் தொடர், பெரியோரிடத்தில் பகையாகும்.

‘எனது சர்க்கஸ் அன்று, எனது குரங்குகளும் அல்ல’ என்பது அந்நாட்டில் யாவரும் அறிந்த தொடர். ‘ஞே முய் த்ஸிர்க், ஞே மோயே மாவ்ப்பி’ என்பது அதன் ஒலி. இவ்வலுவலுக்கும் எனக்கும் தொடர்பில்லை என்பது கருத்து. எம் மருமகன் அங்கு சென்ற முதலாண்டில், வீட்டுக்காரியாகிய மூதாட்டி, பொது அடுக்களையில் நீர்க்குழாயைத் திறந்துவிட்டவர் யார் என்று வினவ, இவன் தான் புதிதாகக் கற்ற இத்தொடரைப் பெருமையுடன் எடுத்துவிட்டானாம். அம்மையார் இரண்டு நாள் இவனுடன் பேசவில்லை. சொன்னது இலக்கணப் பிழையற்ற வாக்கியமே. ஆனால் பாட்டி வயதினரிடம் ‘உம்முடைய கரைச்சல் எனக்கெதற்கு’ என்று சொன்னதற்கு அது ஒப்பாயிற்று. பின்னர் ஒற்றைப்படையாக எண்ணி ஐந்து மலர்கள் வாங்கிச்சென்று கொடுத்தான். இரட்டைப்படையில் மலர் கொடுப்பது அங்கே இறந்தோர்க்கு உரியது. ‘இருந்தது, கடந்தது’ என்று இரண்டே சொல்லிற் கூறி அம்மையார் அவனை மன்னித்தாராம். அதுவும் ஒரு மரபுத்தொடரே. அன்று முதல், ஒரு தொடரைத் தன்னினும் மூத்தவர் மூவர் வாயிற் கேளாது தான் வழங்குவதில்லை என்று அவன் விதி வகுத்துக்கொண்டான். மொழி கற்போர் யாவரும் கைக்கொள்ளத்தக்க விதியென்றே நாம் கருதுகின்றோம்.

அதே மூதாட்டி, இவன் தன் போலிஷ் பேச்சைப் பற்றிக் கவலைப்பட்டபோதெல்லாம், ‘கிராக்கோ நகரம் ஒரே தடவையிற் கட்டப்படவில்லை’ என்று தேற்றுவாராம். முதல் முயற்சி சறுக்கியவிடத்து, ‘முதற் பூனைகள் வேலி தாண்டிவிட்டன’ என்பார். முதலிற் செய்வது அவ்வாறுதான் இருக்கும், இனி நன்றாக வரும் என்பது அதன் கருத்து.

வைகாசி அங்கே உயர்தரப் பரீட்சைக் காலம். தெருவோரத்துச் செஸ்நட் மரங்கள் பூத்துவிட்டால் பரீட்சை வந்துவிட்டதென்று பொருள். பரீட்சைக்குச் செல்லும் பிள்ளைக்கு அவர்கள் கூறும் வாழ்த்து, ‘பேனை முறியட்டும்!’ என்பது. ஆசிரியராகிய எமக்கு முதலில் இது சாபமாகவே பட்டது. கண்ணூறு படாதிருத்தற்பொருட்டு நல்லதை மறைத்துத் தீயதுபோற் சொல்வதாம் இது. கேட்ட பிள்ளை நன்றி சொல்லலாகாது. ‘நன்றி சொல்லேன்’ என்றே மறுமொழி கூறவேண்டும். குழந்தையின் கன்னத்திற் கரும்பொட்டு இடும் எம் தாய்மார் இதன் நியாயத்தை எளிதில் உணர்வர்.

காற்றாலைக்கும் பணியாரத்துக்கும் என்ன தொடர்பு?

வார்சோவிலிருந்து வடமேற்கே புகையிரதத்திற் சென்று தொருஞ் என்னும் பழம்பதியை அடைந்தோம். வான சாத்திரி கொப்பர்னிக்கஸ் 1473ஆம் ஆண்டிற் பிறந்த ஊர் அது. விஸ்தூலா நதிக்கரையில் செங்கல் மதில்களோடு நிற்கும் அவ்வூர், இஞ்சியும் கறுவாவும் கராம்பும் தேனும் சேர்த்துச் சுடும் ‘பியெர்னிக்’ என்னும் பணியாரத்துக்குப் பெயர்பெற்றது. அரசர், அரசியர், குதிரைவீரர், இதயம் முதலிய வடிவங்கள் செதுக்கிய மர அச்சுகளில் மாவை அழுத்தி அதனைச் செய்கின்றனர். பதினான்காம் நூற்றாண்டு முதலே இத்தொழில் அங்கு நடைபெற்று வருகின்றது.

தொடர்பில்லாத இரண்டை ஒருவன் இணைத்துப் பேசினால், ‘காற்றாலைக்கும் பியெர்னிக்குக்கும் என்ன தொடர்பு?’ என்று கேட்பர். மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுவதென்று நாம் சொல்வதே இது. எனினும் குறும்புக்காரப் பிள்ளைகள், ‘ஏன் இல்லை? காற்றாலை மாவரைக்கின்றது, மாவினாற் பணியாரம் செய்கின்றார்கள்’ என்று விடை பகர்வராம். எவ்வூரிலும் வகுப்பறையின் பின்வாங்கு ஒன்றே போலும்!

நதிக்கரையில் நின்றபோது மருமகன் மற்றொரு தொடரைக் கூறினான். நட்டப்பட்டவனைச் ‘சவர்க்காரத்தில் சப்வொத்ஸ்கி அடைந்த ஆதாயம்’ என்று கேலி செய்வர். சப்வொத்ஸ்கி என்பவர் ஒரு நிலக்கிழார் என்றும், சவர்க்காரத்தை விஸ்தூலா வழியே கடற்றுறைக்கு அனுப்ப முயன்றவர் என்றும், பிரஷ்யருக்குச் சுங்கவரி செலுத்த விரும்பாமற் பெட்டிகளை ஓடத்தின் அடியில் நீருக்குள் கட்டி இழுத்துச் சென்றார் என்றும் கதை வழங்குகின்றது. துறையை அடைந்து பெட்டியைத் திறந்தபோது நுரையே எஞ்சியிருந்தது. கதை மெய்யோ பொய்யோ, அதனுள் ஒரு மெய் இருக்கின்றது: சொந்த நதியிற் செல்வதற்கும் அந்நியனுக்கு வரி கொடுக்க நேர்ந்த காலத்தின் கசப்பு அது. அக்காலத்தைப் பற்றி எண்ணியவாறே தெற்கே கிராக்கோவுக்குப் பயணமானோம்.

நாடு மறைந்தது, பேச்சு மறையவில்லை

1772, 1793, 1795 ஆகிய ஆண்டுகளில் மூன்று முறை ரஷ்யா, பிரஷ்யா, ஆஸ்திரியா என்னும் வல்லரசுகள் போலந்தைக் கூறுபோட்டுப் பங்கிட்டன; இரண்டாம் பங்கீட்டில் மட்டும் ஆஸ்திரியா சேரவில்லை. 1795 முதல் 1918 வரை, 123 ஆண்டுகள், உலகப் படத்தில் அந்நாடு இல்லை. தென்பகுதியை ஆண்ட ஆஸ்திரியா 1860களுக்குப் பின் பள்ளிகளிலும் பல்கலைக்கழகத்திலும் போலிஷ் மொழிக்கு இடந்தந்தது. ஆயினும், வெறும் பேச்சைக் குறிக்க ‘ஆஸ்திரியப் பேச்சு’ என்ற தொடரை மக்கள் இன்றும் வழங்குகின்றனர். வாக்குறுதிகள் பல கேட்டுச் சலித்த மக்களின் சிரிப்பு அதிலே ஒலிக்கின்றது.

பிரஷ்யா ஆண்ட பகுதியில் நிலைமை கடினமாயிருந்தது. வ்ஷெஷ்ஞா என்னும் சிற்றூர்ப் பள்ளியில் 1901ஆம் ஆண்டு வைகாசி மாதத்தில், சமயபாடத்தை ஜெர்மன் மொழியிலேயே கற்கவேண்டும் என்ற கட்டளையைப் பிள்ளைகள் ஏற்க மறுத்தனர். வினாக்களுக்கு வாய்திறவாதிருந்த பிள்ளைகள் பிரம்படி பெற்றனர். பள்ளி வாயிலிற் கூடி முறையிட்ட பெற்றோர் பலர் சிறைக்கு அனுப்பப்பட்டனர். 1906இலும் 1907இலும் ஆயிரக்கணக்கான மாணவர் அதே வழியைப் பின்பற்றினர். பிரம்பு பிடிக்கும் தொழிலைச் சார்ந்த நாம், இந்த வரலாற்றை அறிந்தபோது நாணினோம்.

பள்ளி பறித்ததை அடுக்களை காத்தது. அரசாங்கமும் நீதிமன்றமும் அந்நிய மொழியில் நடந்த காலத்தில், பணிசும் பட்டாணியும் ஊசியும் பூனையும் கொண்டு தாய்மார் பேசிய தொடர்களைத் தடுக்க எந்தச் சட்டத்தாலும் இயலவில்லை. 1944இல் எழுச்சி தோற்றபின் தரைமட்டமாக்கப்பட்ட வார்சோவின் பழைய நகரத்தைப் பதினெட்டாம் நூற்றாண்டு ஓவியர் பெலோத்தோவின் படங்களையும் பார்த்துக் கல்லுக்குக் கல் திரும்பக் கட்டினர். அதன் சதுக்கம் 1953இல் மீண்டது. 1980இல் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது. கல்லை மீண்டும் அடுக்கச் சித்திரம் உதவிற்று. பேச்சை அவ்வாறு சித்திரம் பார்த்து மீட்க முடியாது. வாயிலிருந்து வாய்க்கு அது அறாது வந்தாக வேண்டும்.

மிளகு விளையும் இடம்

கிராக்கோவின் பெருஞ்சதுக்கத்தில் மணிக்கொரு தடவை தேவாலயக் கோபுரத்தின் நான்கு பக்கத்திலிருந்தும் எக்காளம் ஊதப்படுகின்றது. இடையிலே திடீரென அறுந்துபோவது அந்த இசையின் மரபு. அதனைக் கேட்டவாறு, நடுவிலுள்ள பழைய துணி மண்டபத்தினுள் அம்பர் மணிகள் விற்கும் முதியவர் ஒருவரின் கடைமுன் நின்றோம். எவ்வூரவர் என்று அவர் வினவ, இலங்கை என்று மருமகன் விடை கூறினான். முதியவர் வாய்விட்டுச் சிரித்து, ‘அப்படியானால் பான் வருவது மிளகு விளையும் இடத்திலிருந்து!’ என்றார்.

அவர் சிரித்தமைக்குக் காரணம் ஒரு மரபுத்தொடர். கண்காணாத் தொலைவுக்கு ஓடுவதை, ‘மிளகு விளையும் இடத்துக்கு ஓடுதல்’ என்பர். கடன்காரனுக்கு அஞ்சியவனும், தண்டனைக்கு அஞ்சியவனும், மாமியாருக்கு அஞ்சியவனும் மிளகு விளையும் இடத்துக்கே ஓடவேண்டும். மக்கள் கால் படாத உலகின் எல்லை அது. எமக்கோ அது மாத்தளையும் கண்டியும். வேலி மரத்திற் கொடி படர்ந்து காய்க்கும் இடம். ஒருவருக்கு உலகின் முடிவு, மற்றொருவருக்கு வீட்டின் பின்வளவு.

இன்னுமொன்றை எண்ணிப் பார்த்தோம். தொருஞ் நகரத்துப் பணியாரத்தின் பெயராகிய ‘பியெர்னிக்’, மிளகுக் காரம் உடையது என்னும் பொருள்தரும் பழஞ்சொல்லிற் பிறந்தது. மிளகைக் குறிக்கும் ‘பியெப்ஷ்’ என்னும் சொல் இலத்தீன் வழியாகவும், அதற்கு முன் கிரேக்கத்தின் வழியாகவும், வடமொழிப் ‘பிப்பலி’யிலிருந்து சென்றது, நாம் திப்பிலி என்பதும் அதன் உறவே. உலகின் எல்லையென அவர்கள் நினைத்த இடத்தின் சொல், அவர்தம் அடுப்படியில் எத்தனையோ நூற்றாண்டாகக் குடியிருக்கின்றது.

மருமகன் அன்றிரவு கொப்பியைத் திறந்து இத்தொடரை இடப்பக்கத்தில் எழுதினான். எழுதியவன் சற்று நேரம் பேசாதிருந்து, ‘மாமா, அவை மிளகு விளையிற இடத்துக்கு ஓடுறதெண்டு சொல்லினம்; எங்கட சனம் மிளகு விளையிற இடத்திலயிருந்தெல்லே ஓடி வந்தது’ என்றான். 1983ஆம் ஆண்டுக்குப் பின் பனிபெய்யும் நாடுகளுக்குச் சென்ற எம்மவர் இல்லங்கள் எத்தனை! அவ்வில்லங்களில் பள்ளி ஒரு மொழியிலும் தொழில் ஒரு மொழியிலும் நடக்கின்றன. அடுக்களையில் எம்மொழி நடக்கின்றது என்பதே வினா. 123 ஆண்டுகள் நாடின்றி இருந்த மக்கள், அடுக்களைப் பேச்சை விடாதிருந்தமையால் தம் பேரப்பிள்ளைகளுக்குப் பழமொழி சொல்லத் தக்கவராயினர். பேரப்பிள்ளைக்கு ‘எச்சிற் கையாற் காகம் துரத்தாதவன்’ யாரென்று தெரிந்திருப்பது, அவனுக்குத் தமிழ் எழுத்துத் தெரிந்திருப்பதற்கு ஒரு சிறிதும் குறைந்ததன்று.

கொப்பியின் வலப்பக்கத்து வெற்றிடங்களிற் பலவற்றை நாம் ஊர் திரும்புமுன் நிரப்பிக் கொடுத்தோம். மிளகுத் தொடருக்கு எதிரே மட்டும் இன்னும் ஒன்றும் எழுதப்படவில்லை. தொலைவுக்கு ஓடுதலைக் குறிக்கத் தத்தம் ஊரில், பாட்டன் பாட்டிமார் வாயிற் கேட்ட தொடர் ஏதேனும் உண்டாயின், வாசகர்கள் இப்பகுதியின் ஆசிரியருக்கு எழுதியனுப்புவார்களாக. வார்சோவுக்கு அனுப்பிவைப்போம்.